பொருள் மட்டும் மாறும்

செந்துறைப் பக்கம் எங்கள் வீடு கட்டிய இடத்தைவிட்டு ஓரடி நகர்ந்ததில்லை. மாவட்டம்தான் நகர்ந்துகொண்டே இருந்தது. நான் பிறந்தபோது திருச்சி. 1995இல் பெரம்பலூர். 2001 புத்தாண்டுக்கு அரியலூர். அடுத்த வருஷமே, 2002இல், மறுபடி பெரம்பலூர். 2007 நவம்பரில் திரும்பவும் அரியலூர். என் சான்றிதழ்களை வரிசையாகப் பரப்பி வைத்தால், அடிக்கடி மாற்றலாகும் போலீஸ்காரர் வீட்டுப் பிள்ளையோ என்று யாருக்கும் சந்தேகம் வரும்.

மாவட்டம் உண்டாக்குவது லேசான காரியமா? கலெக்டர் வேண்டும், எஸ்.பி. வேண்டும், கட்டடம், ஜீப், பெயர்ப்பலகை, ரப்பர் ஸ்டாம்ப் என்று போய்க்கொண்டே இருக்கும். ஆனால் ஒருதரம் செய்து பழகிவிட்டால் அடுத்த தரம் கை தானாக ஓடும். 2007இல் யாரோ 2001ஆம் வருஷத்துக் கோப்பைத் தூசி தட்டி, தேதியை மட்டும் அடித்துத் திருத்தியிருப்பார்கள் என்பது என் சித்தப்பாவின் அசைக்க முடியாத நம்பிக்கை.

அவர் அப்படித்தான் நம்புவார். தாலுகா ஆபீஸ் வாசலில், வேப்பமரத்தடியில், மடக்கு மேசை போட்டு மனு எழுதுகிறவர். பெரிய லட்சியத்தைச் சின்னச் சின்னப் படிகளாக உடை, ஒரு வேலைக்குச் செய்த படியை இன்னொரு வேலைக்கும் எடுத்துக்கொள் என்று பட்டணத்தில் ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு வகுப்பெடுக்கிறார்கள். சித்தப்பா ஐம்பது ரூபாய்தான் வாங்குவார். பேப்பரும் அவருடையது.

காலையில் கடை விரித்ததும் ஒரு கட்டு வெள்ளைத்தாளை எடுத்து, ஒவ்வொன்றிலும் இடது பக்கம் இரண்டு விரற்கடை மடிப்பார். அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள், பார்வை. கீழே, ‘நான் மேற்கண்ட முகவரியில் குடியிருந்து வருகிறேன். நான் மிகவும் ஏழ்மையான குடும்பத்தைச் சேர்ந்தவன்.’ அடியில், ‘ஆகவே சமூகம் அய்யா அவர்கள் கருணை கூர்ந்து.’ இவ்வளவையும் ஆள் வருவதற்கு முன்பே எழுதி அடுக்கிவிடுவார். பட்டா மாறுதலோ, முதியோர் பென்ஷனோ, வாய்க்கால் ஆக்கிரமிப்போ, சுண்ணாம்புக்கல் லாரி கிளப்புகிற புழுதியோ, ஆள் வந்த பிறகு நிரப்ப வேண்டியது பெயரும் ‘பொருள்’ வரியும்தான்.

ஒருநாள் முந்திரித்தோப்புக்காரர் ஒருவர் மனுவை வாங்கிப் படித்துவிட்டுச் சண்டைக்கு வந்தார். “என்னய்யா, ஏழ்மையான குடும்பம்னு எழுதியிருக்க? வீட்டுல ரெண்டு டிராக்டர் நிக்குது.”

சித்தப்பா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “அது பொதுப் பகுதிங்க. உங்களுக்குன்னு எழுதினது இல்ல. உங்களுக்காக அடிச்சா, அடுத்தாப்ல வர்றவருக்கு மறுபடி எழுதணும்.”

தோப்புக்காரர் யோசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பட்டாவும் மாறியது.

அரசாங்கமும் சித்தப்பா வழிக்கு வந்துவிட்டது. இ-சேவை மையத்தில் ஒருமுறை நம் விவரத்தைப் பதிந்து கேன் எண் வாங்கிவிட்டால், சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி எதற்கு விண்ணப்பித்தாலும் அதே எண்தான், கட்டணமும் அதே அறுபது ரூபாய்தான். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாலுகா ஆபீஸ் என்று போகிற பாதையும் மாறாது. ‘நம்ம டெக்னிக்கைக் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டானுங்க’ என்று சித்தப்பாவுக்கு அதில் பெருமையும் உண்டு, வயிற்றெரிச்சலும் உண்டு.

சித்திக்கு வேறு கணக்கு. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள். பெரம்பலூருக்குத் தெற்கே சிறுவாச்சூரில் மதுரகாளியம்மன் கோயில் நடை திறப்பதும் திங்களும் வெள்ளியும்தான். பெரம்பலூரே மாவட்டத் தலைநகராக இருந்த காலத்தில் சித்தி ஒரே பஸ் பயணத்தில் இரண்டு இடத்திலும் முறையிட்டுவிட்டு வந்துவிடுவார். அங்கே ரசீது, இங்கே எலுமிச்சம்பழம். 2007க்குப் பிறகு கலெக்டர் ஓர் ஊரில், அம்மன் இன்னோர் ஊரில். மாவட்டம் பிரிந்ததில் எங்கள் குடும்பத்தில் நிஜமாகவே நஷ்டப்பட்டவர் சித்திதான். இப்போது திங்களைக் கலெக்டருக்கும் வெள்ளியை அம்மனுக்கும் ஒதுக்கியிருக்கிறார்.

செய்ததையே திரும்பச் செய்கிறோம் என்று யாராவது கேலி செய்தால் சித்தப்பா கங்கைகொண்ட சோழபுரத்துக்குக் கையை நீட்டுவார். கங்கை வரை படை அனுப்பி ஜெயித்த ராஜேந்திரன், கோயில் கட்டும்போது அப்பா தஞ்சாவூரில் கட்டியதைத்தான் முன்னால் வைத்துக்கொண்டான். சாமி பெயர் அதே பிருகதீஸ்வரர். விமானம் அங்கே சுமார் 216 அடி, இங்கே 180 அடியை ஒட்டி. பக்கங்களில் மட்டும் ஒரு நெளிவு கொடுத்திருக்கிறான். என் கண்ணுக்கு அந்த நெளிவுதான் அழகு. சித்தப்பா பார்வையில் அது ‘பொருள்’ வரி. யுனெஸ்கோ செய்ததும் அதுதான்: 1987இல் தஞ்சாவூருக்குப் போட்ட பதிவிலேயே 2004இல் எங்கள் கோயிலையும் தாராசுரத்தையும் சேர்த்துக்கொண்டது. தனிப் பதிவு இல்லை.

மகளுக்கு வரன் பார்த்தபோதும் அவர் முறையை மாற்றவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்குப் போன கடிதத்தில் ‘பொருள்: தங்கள் மகனுக்கு எம் மகளைத் தர விருப்பம் தெரிவித்தல் – தொடர்பாக’ என்று இருந்தது. கீழே ‘நகல்: பெண்ணின் தாய்மாமன், தகவலுக்காக’. ஏழ்மையான குடும்பம் என்ற வரியும் அப்படியே இருந்தது. சீர் பேசும்போது அது நன்றாகவே உதவியது. சம்பந்தியும் ரிட்டையர்டான கிளார்க் என்பதால் ‘பார்வை: தங்கள் கடிதம்’ என்று முறையாகப் பதில் போட்டார். கல்யாணம் நல்லபடியாக முடிந்தது.

மனு எழுதப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பதினோரு மணிக்குள் போய்விடுங்கள். எழுதி அடுக்கிய தாள்கள் அதற்குள் தீர்ந்துவிடும். அதன்பிறகு உங்கள் குறையை முழுசாகக் கேட்டு எழுத வேண்டிவந்தால் சித்தப்பா நூறு ரூபாய் வாங்குவார்.