திரும்பி வரமாட்டேன், கட்டாயம் வருவேன்

நிஜாம் காலத்து ஹைதராபாத்தில் சர்க்கார் உத்தியோகம் வேண்டுமானால் முல்கியாக, அதாவது உள்ளூர்க்காரனாக, இருக்கவேண்டும். வெளியூர்க்காரன் முல்கி ஆவதற்கு 1919 விதிகளில் ஒரு வழி வைத்திருந்தார்கள்: 15 வருஷம் இங்கேயே குடியிருந்து, பிறந்த ஊருக்குத் திரும்பும் எண்ணத்தை விட்டொழித்தேன் என்று மாஜிஸ்திரேட் முன்னால் பிரமாணப் பத்திரம் தரவேண்டும். என் தாத்தா தந்தார். தந்த கையோடு வருஷா வருஷம் கும்பகோணத்துக்கு ரயிலேறி, கோயில் குளமெல்லாம் சுற்றிவிட்டு நார்த்தங்காயும் வடாமுமாகத் திரும்பி வருவார். யாரும் கேட்கவில்லை, அந்தக் காலத்துக் காகிதத்துக்கு அவ்வளவு தாட்சண்யம் இருந்தது.

எங்கள் தலைமுறைக்கு வந்த காகிதம் தலைகீழ். எண்பதுகளில் மேல்படிப்புக்கு அமெரிக்கா போக மாணவர் விசா வேண்டுமென்றால், படித்து முடித்ததும் ஊருக்குத் திரும்பிவிடுவேன் என்று அதிகாரியை நம்பவைக்கவேண்டும், அதற்கும் சென்னைக்குத்தான் போகவேண்டும். என் நண்பனுக்குத் துணையாக நானும் போனேன். செகந்திராபாத் ஸ்டேஷன் எதிரே இரானி சாயாவில் உஸ்மானியா பிஸ்கெட்டை முக்கியபடியே, அவன் அப்பாவின் வீட்டுப் பத்திரம், பேங்க் சர்டிபிகேட், 'இவன் திரும்புவான்' என்று சாட்சி சொல்லும் இன்ன பிற காகிதங்கள் எல்லாவற்றையும் ஒன்றுக்கு மூன்று தடவை சரிபார்த்துவிட்டு, இரவு ரயிலில் மிளகாய்ப்பொடி தடவிய இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு, நான் அதிகாரியாகவும் அவன் விண்ணப்பதாரனாகவும் விடிய விடிய ஒத்திகை பார்த்தோம். எனக்கு விசாவும் தேவையில்லை, போக வழியுமில்லை. ஆனாலும் மறுநாள் ஜெமினி பக்கத்து அமெரிக்கத் துணைத் தூதரக வரிசையில் அவனைவிட எனக்குத்தான் அதிகமாக வியர்த்தது.

விசா கிடைத்தது. திரும்புவேன் என்று சொன்னவன் அங்கேயே வேலை பார்த்து, டெக்ஸஸ்காரியைக் கல்யாணம் செய்து, பிரஜையாகி, இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சரண்டர் சர்டிபிகேட்டும் வாங்கிவிட்டான்.

இங்கே இதற்குள் எல்லாம் மாறிப்போயிற்று. 2008-ல் பேகம்பேட்டையின் பைகா அரண்மனையிலேயே அமெரிக்கத் துணைத் தூதரகம் கடை திறந்தது. இப்போது நானக்ராம்குடாவுக்குப் போய்விட்டது. சென்னைக்கு ரயிலேற வேண்டாம், இட்லிப் பொட்டலம் வேண்டாம். சில்கூர் பாலாஜி மட்டும் மாறவில்லை: வேண்டிக்கொள்ள 11 சுற்று, பலித்தால் 108. உண்டியல் வைக்காத அந்தக் கோயிலில் என் பிள்ளையின் விசாவுக்காக நானும் முழங்கால் வலிக்கச் சுற்றினேன் என்பதை, சாமியை நம்பாத அந்தக் காலத்து நான் பார்த்திருந்தால் வயிறு குலுங்கச் சிரித்திருப்பேன்.

நண்பன் இப்போது ரிட்டையராகி, மனைவியோடு பத்மாராவ் நகருக்கே வந்துவிட்டான், வெளிநாட்டவனாக. தாய்லாந்தில் வெளிநாட்டவனுக்கு 50 வயதும் பேங்கில் 8 லட்சம் பாட்டும் இருந்தால் ரிட்டையர்மென்ட் என்ற பெயரிலேயே வருஷத்துக்கு வருஷம் நீட்டிப்புத் தருகிறார்கள். நம் நாட்டில் அப்படி ஒரு விசாவே கிடையாது. வெளிநாட்டுப் பிரஜையாகிவிட்ட நம்மவர்களுக்கு இருப்பது ஓ.சி.ஐ. கார்டு. முதல் கார்டுகளைப் பிரதமர் மன்மோகன் சிங் 2006 ஜனவரியில் இதே ஹைதராபாத்தில்தான் கொடுத்தார். அதற்கு முந்தைய பி.ஐ.ஓ. கார்டுக்கு ஆயுள் 15 வருஷம் (நிஜாமின் அதே 15!), ஒரே மூச்சில் 180 நாளைத் தாண்டித் தங்கினால் பதிவு வேறு, 2015-ல் அதையும் ஓ.சி.ஐ.யிலேயே சேர்த்துவிட்டார்கள். ஓ.சி.ஐ. ஆயுசுக்கும் செல்லும். எத்தனை வருஷம் தங்கினாலும் கேள்வியில்லை, ஆனால் ஓட்டுக் கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது.

அவன் மனைவிக்கும் கார்டு உண்டு. கல்யாணத்தைப் பதிவு செய்து இரண்டு வருஷமாவது சேர்ந்து வாழ்ந்திருந்தால்தான் விண்ணப்பிக்கவே முடியும். விவாகரத்து ஆனால் கார்டும் போய்விடும். "இந்திய சர்க்கார் இவ்வளவு அக்கறையா எங்க குடும்பத்தைப் பாத்துக்குதுடா" என்பான். மோண்டா மார்க்கெட்டில் அவள் தெலுங்கில் கத்திரிக்காய் பேரம் பேசும்போது இவன் பை பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால், யார் யாரை நம்பி இந்த ஊரில் தங்கியிருக்கிறார்கள் என்பதில் எனக்குக் குழப்பம்தான்.

வருஷத்துக்கொரு தடவை டாலஸ் போய் உடம்பைக் காட்டிவிட்டு வருகிறான். மெடிகேர் கடல் தாண்டி வராது. மற்றபடி அவனுக்கு ஒரே குறை, சேவெள்ளா பக்கம் இரண்டு ஏக்கர் வாங்கி பங்கனப்பள்ளி மாந்தோப்பு வைக்கவேண்டும் என்று நாற்பது வருஷமாகக் கண்ட கனவு பலிக்கவில்லை என்பதுதான். போன மாதம் மொட்டைமாடியில் பெரிய சிமெண்ட் தொட்டி இறக்கி ஒரு ஒட்டுக்கன்றை நட்டிருக்கிறான். தொட்டி விவசாய நிலத்தில் சேருமா என்று வக்கீல் மருமகனைக் கேட்டிருக்கிறானாம், பதில் இன்னும் வரவில்லை.