தோன்றா எழுவாய்: பாலாற்றங்கரைக் கூட்டங்களின் இலக்கணம்

பாயிரம்: அரசு, தொழில், மக்கள் என்னும் முத்தரப்பும் கூடி ஊர்க்கேட்டைத் தீர்க்கும் முறையை ஆராய வேலூர் மாவட்டத்து அணைக்கட்டைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. பெயரின் நடுவிலுள்ள ‘க்’கை எடுத்தால் ‘அணை கட்டு’ என்று ஏவலாகிவிடும். ஏவலுக்கு எழுவாய் ‘நீ’. ஆனால் வெளியே தெரியாது. இதைத் தோன்றா எழுவாய் என்பர். பாலாற்றுப் படுகையில் இதற்கு வழக்கு மிகுதி.

இயல் 1, உம்மைத்தொகை: ஒரு தோல் பதனிடும் ஷாப்பு கழிவை வாய்க்காலில் விட்டால் அதற்கு எழுவாய் உண்டு, முதலாளியின் பெயர் பலகையிலேயே இருக்கும். பல ஷாப்புகளின் குழாய்களும் கூட்டுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்ந்தபின், வெளிவருவது யார் வீட்டு உப்பு என்று கேட்பது இலக்கணப் பிழை. ‘இராப்பகல்’ என்பதில் ‘உம்’ மறைவதுபோல் இங்கே முதலாளி மறைகிறார்.

இயல் 2, செயப்பாட்டுவினை: இக்கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ கெட்டதைப் பதிவுசெய்தது. ஷாப்புக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் போட்டது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்றது. அதாவது, வாக்கியத்துக்கு எழுவாயை எழுதியே கொடுத்தது. பின்னர்க் கூடிய கூட்டங்கள் அதை ‘நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று திருத்திக்கொண்டன. பிரியாணியும் பரிமாறப்பட்டது, அதற்கும் எழுவாய் இல்லை, பில் உண்டு. 2025 ஜனவரி 30இல் அதே நீதிமன்றம், இழப்பீடு கிடைக்காதவர்களுக்கு ஆறு வாரத்தில் கொடுங்கள் என்றும், மேற்பார்வைக்குக் குழு அமையுங்கள் என்றும் சொன்னது. இடையில் 28 ஆண்டு. ‘எடுக்கப்படும்’ எதிர்காலம் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

புறனடை: அணைக்கட்டுக்குத் தெற்கே, ஜவ்வாது மலையடிவாரத்தில், வறண்டுகிடந்த நாகநதியில் மட்டும் விதி பொய்த்தது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் அரசு கூலி கொடுத்தது. வாழும் கலை அமைப்பு எங்கே வெட்டலாம் என்று காட்டியது. ஊர்ப் பெண்கள் மண்வெட்டியும் பாண்டுமாக இறங்கி நீர் செறிவூட்டும் கிணறு தோண்டினார்கள், கல்லடுக்கித் தடுப்புப் போட்டார்கள். தரப்புக்கொரு எழுவாய், தரப்புக்கொரு வினைமுற்று. ஒருவர் வினையை இன்னொருவர் தலையில் கட்ட வழியில்லை.

அப்பெண்கள் நன்னூல் கற்றவர் அல்லர். பஸ் பலகையில் ‘அணைக்கட்டு’ என்றிருந்ததை ஏவல் என்றே எடுத்துக்கொண்டார்கள் போலும். இப்பிழை குறித்து உரிய நடவடிக்கை எடுக்கப்படும்.