வேஷம் யாருக்கு?

பொங்கல் முடிந்ததும் கெடிலக்கரை ஊர்களில் ஆர்மோனியப் பெட்டியைத் தூசி தட்டிவிடுவார்கள். அதிலிருந்து ஆடி வரை கூத்துக் காலம். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான்: "எனக்கு என்ன வேஷம்?" பதில்கள் இதோ.

? தெருப் பிள்ளைகள் சேர்ந்து இந்த வருஷம் நாங்களே பாரதக் கூத்து ஆடப் போகிறோம். எந்தெந்த நாடகம் போடலாம் என்று முடிவு செய்ய ஒரு குழு அமைக்கலாமா?
*— ஆர்வக்கோளாறு, திருவதிகை*

குழுவுக்கு வேலையே இல்லை. திரௌபதி அம்மன் கோயிலில் காப்புக் கட்டியாகிவிட்டால், வியாசரே பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டார் என்று அர்த்தம். பகலில் பிரசங்கியார் பாரதம் சொல்வார். ராத்திரி அதே கதை கூத்தாக வரும். திரௌபதி கல்யாணம், சூது துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அரவான் களபலி, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம் என்று நடந்து பதினெட்டாம் போரில் வந்து நிற்கும். விடிந்ததும் படுகளம். தரையில் மல்லாந்து கிடக்கும் மண் துரியோதனனுக்குப் பக்கத்தில் பாஞ்சாலி கூந்தலை முடிவாள். சாயங்காலம் தீமிதி. இதில் நீங்கள் முடிவு செய்ய மிச்சம் இருப்பது, நடுச்சாமத்தில் டீ யார் போடுவது என்பதுதான். அதற்கு வேண்டுமானால் குழு போடுங்கள்.

? கூத்துக்கு ஆடிஷன் உண்டா? போட்டோ அனுப்ப வேண்டுமா?
*— பத்து போஸ் கைவசம், நெய்வேலி*

திருவதிகையில் நடந்த ஒரு பழைய ஆடிஷனைச் சொல்கிறேன். சிபாரிசு செய்தவர் அக்கா திலகவதியார். வந்தவர் சூலை நோயில் சுருண்டுகிடந்த தம்பி. இடம் வீரட்டானேசுவரர் சன்னதி. பாடியது ஒரே ஒரு பதிகம். நோய் விட்டது; 'நாவுக்கரசு' என்ற பட்டமும் வந்தது. அதற்கு முன் மருணீக்கியார், தருமசேனர் என்று இரண்டு பெயரில் இருந்தவர் அவர். மூன்றாவது பெயர்தான் நிலைத்தது. போட்டோ யாரும் கேட்கவில்லை.

உங்களுக்கு வலி எதுவும் இல்லை என்றால் வேறு பரீட்சை இருக்கிறது. விடியற்காலை நாலு மணிக்குக் களத்தில் நின்று பாடுங்கள். கடைசி வரிசையில் கோரைப்பாயில் தூங்கும் ஆயா ஒரு கண்ணைத் திறந்து பார்த்தால் பாஸ். எழுந்து உட்கார்ந்தால் ராஜவேஷம்.

? என் எடை 110 கிலோ. பீமன் எனக்குத்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒல்லிக்குச்சி ஒருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள்!
*— ஏமாந்தவர், நெல்லிக்குப்பம்*

மரத்தில் செதுக்கிக் கண்ணாடி பதித்த கிரீடம், புஜக்கட்டை, மார்பதக்கம், இடுப்பைச் சுற்றிப் பாவாடை எல்லாம் ஏறிவிட்டால் ஒல்லிக்குச்சியும் பீமன்தான். அத்தனையையும் சுமந்து விடிய விடியச் சுழன்று ஆட வேண்டும். உங்களுக்கு ஏற்கெனவே சுமை இருக்கிறது. அதற்கு மேலும் ஏற்ற வாத்தியாருக்கு மனசு வரவில்லை போலும்.

? நான் வக்கீல். மேடை ஏறினால் "கூத்தாடி" என்பார்களே என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.
*— கறுப்பு அங்கி, கடலூர்*

பம்மல் சம்பந்த முதலியாரும் வக்கீல்தான். பின்னால் நீதிபதியாகவும் இருந்தார். பெல்லாரியிலிருந்து வந்த குழு ஒன்று சென்னையில் நாடகம் ஆடியதைப் பார்த்துவிட்டு, 1891-ல் நண்பர்களோடு சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. நடிப்பைப் பிழைப்பாகக் கொள்ளாதவர்கள் ஆசைக்காக ஆடிய சபை அது. தீரர் சத்தியமூர்த்தி அதில் நடித்தார். பின்னாளில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரான ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் நடித்தார். கோர்ட்டில் நீங்கள் தினமும் செய்வதையே அரிதாரம் பூசிச் செய்யப் போகிறீர்கள். வாய்தா மட்டும் கேட்க முடியாது.

? பெண்கள் ஆடலாமா?
*— கேட்டுத்தான் பார்ப்போமே, பண்ருட்டி*

அந்தச் சுகுண விலாச சபையில் பம்மலுக்கு ஜோடியாகக் கதாநாயகி வேஷம் கட்டிப் பேர் வாங்கியவர் ரங்கவடிவேலு என்ற ஆண். அந்தக் காலத்திலேயே கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களை வைத்தே நாடகக் கம்பெனி நடத்தினார். கூத்தில்தான் ஆண்களே பாஞ்சாலியாக நெடுங்காலம் அழுதுகொண்டிருந்தார்கள். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் கட்டைக்கூத்துச் சங்கம் 2002-ல் தொடங்கிய குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் சலங்கை கட்டிப் பழகினார்கள். ஆடலாமா என்று கேட்காதீர்கள்; எந்த வேஷம் என்று கேளுங்கள். துரியோதனன் கேட்டால் எனக்கு இரட்டைச் சந்தோஷம்.

? என் மகன் எட்டாம் வகுப்பு. போன வருஷம் கணீரென்று பாடினான். இப்போது வாயைத் திறந்தால் கதவு கிரீச்சிடுகிறது.
*— கவலைப்படும் அப்பா, குறிஞ்சிப்பாடி*

அதற்கு 'மகரக்கட்டு' என்று பெயர். பாய்ஸ் கம்பெனிப் பிள்ளைகள் வாத்தியாரின் பிரம்பைவிட இதற்குத்தான் அதிகம் பயந்தார்கள். 1918-ல் மதுரையில் பால சபை தொடங்கிய சங்கரதாஸ் சுவாமிகள் (1922-ல் நம் பக்கத்துப் புதுச்சேரியில்தான் காலமானார்) போன்ற ஆசிரியர்கள் உருவாக்கிய பையன்கள், ராத்திரிக்கு ராத்திரி ஸ்திரீபார்ட் பாடிக் கைதட்டல் வாங்கினார்கள். ஒருநாள் தொண்டை உடையும். அன்றோடு ராணி வேஷம் போய்விடும். உங்கள் பையனுக்கு அந்தக் கவலை வேண்டாம். கிரீச்சு நிற்கும்வரை கோமாளிக் கட்டியங்காரன் வேஷம் கொடுக்கச் சொல்லுங்கள். குரல் உடைந்தால் அவனுக்குச் சிரிப்பு கூடும்.

? மேடைச் செட்டுக்கு எவ்வளவு செலவு செய்யலாம்?
*— பொருளாளர், திருவதிகை*

திரிபுரம் எரித்த ஊரில் உட்கார்ந்துகொண்டு கேட்கிற கேள்வியா? பூமியே தேர், சூரிய சந்திரர் சக்கரம், மேரு மலை வில், வாசுகி நாண், பிரம்மா சாரதி. அதைவிடப் பெரிய செட்டை யாரும் போட்டதில்லை. கடைசியில் சுவாமி சிரித்தார். மூன்று கோட்டையும் சாம்பல். அம்புக்கு வேலை வரவில்லை. ஒரு பெஞ்சு, ஒரு திரை போதும். மீதிப் பணத்தில் முகவீணைக்காரருக்குக் கூடக் கொஞ்சம் கொடுங்கள்.

? முதலில் வேறொருவருக்குக் கொடுத்த வேஷம், அவர் வரவில்லை என்றதும் எனக்கு வந்திருக்கிறது. மானம் தடுக்கிறது.
*— இரண்டாம் தேர்வு, விழுப்புரம்*

விழுப்புரத்தில் பிறந்த கணேசன் என்ற இளைஞருக்கும் இப்படித்தான் வந்தது. அண்ணா எழுதிய 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் எம்.ஜி.ஆர். நடிப்பதாக இருந்து, நடக்காமல் போனது. கணேசன் ஏற்றார். பார்த்த பெரியார் 'சிவாஜி' என்றார். அதன்பின் அவரை வெறும் கணேசன் என்று யாரும் கூப்பிடவில்லை. மானத்தைக் கொடியில் காயப்போட்டுவிட்டு ஒத்திகைக்குப் போங்கள்.

? நான் எம்.ஏ. எனக்கு எந்த வேஷமும் இல்லையாம். திரை பிடிக்கச் சொல்கிறார்கள்!
*— அவமானப்பட்டவன், சிதம்பரம்*

பத்து வயதில் எனக்கும் அந்த வேலைதான் கொடுத்தார்கள். ஒரு முனை என் கையில், மறுமுனை இன்னொரு பையன் கையில். சனங்களுக்குத் தெரிந்தது மேலே கிரீடத்தின் நுனியும் கீழே சலங்கைக் காலும்தான். திரைக்குப் பின்னால் துரியோதனன் நின்றார். முப்பது வருஷமாக அதே வேஷம் கட்டியவர். கும்பிட்ட கை வெடவெடவென்று நடுங்கியது. என் தோளைப் பிடித்துக்கொண்டு, "இருடா கண்ணு, விட்டுடாத" என்றார். அரிதாரம் வேர்வையில் கரைந்து என் சட்டையில் சொட்டியது. அப்புறம் மூச்சை இழுத்து, தலையை ஆட்டினார். விட்டேன். களத்தில் இறங்கியது அஸ்தினாபுரத்து ராஜா.

அந்த நடுக்கத்தைப் பார்த்தது நானும் அந்த இன்னொரு பையனும் மட்டும்தான். அதற்குப் பிறகு சுமாராக ஆடுகிறவனைப் பார்த்துக்கூட எனக்குக் கேலி வருவதில்லை.

ஆகவே எம்.ஏ. அவர்களே, முனையைக் கெட்டியாகப் பிடியுங்கள். சனங்களைப் பார்க்காதீர்கள், அவர் தலை எப்போது அசைகிறது என்று பாருங்கள்.