வரப்பில் படுத்திருக்கும் கலைஞர்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தைத் தாண்டும்போது உப்பளத்து வரப்பில் யாராவது குப்புறக் கிடந்தால் பதறிப்போய் 108-ஐக் கூப்பிட்டுவிடாதீர்கள். மயக்கமும் இல்லை, வெயிலும் தாக்கவில்லை. காய்ந்த சேற்றில் ஓடும் விரிசலைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். அதற்கு 'டெக்ஸ்சர்' என்று பெயர். அவர் கிராபிக் டிசைன் படிக்கும் மாணவர்.

அடையாளம் சுலபம். உச்சிவெயிலிலும் கறுப்பு டீ-ஷர்ட். தோளில் துணிப்பை. பைக்குள் கோடு போடாத நோட்டு ஒன்று; அதில் இவரும் இன்னும் ஒரு கோடு போடவில்லை. கண்ணில் கறுப்புக் கண்ணாடி. பக்கத்துப் பாத்தியில் உப்பு வாருகிற அம்மாவுக்குத்தான் உண்மையில் அந்தக் கண்ணாடி வேண்டும். வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கிற வெயிலில் கண் கரித்துக் கொட்டும். ஆனால் அந்த அம்மா முந்தானையை நெற்றிக்கு இழுத்துவிட்டுக்கொண்டு வேலையைப் பார்க்கிறார். தம்பி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு 'லைட்டிங்' பார்க்கிறார்.

தம்பி சென்னையிலோ புதுச்சேரியிலோ ஒரு கல்லூரியில் படிக்கிறார். என்ன படிக்கிறார் என்று வீட்டில் யாருக்கும் முழுசாகத் தெரியாது. அப்பாவைப் பொறுத்தவரை அது கம்ப்யூட்டர் படிப்பு. மாமா போன பொங்கலுக்குக் கேட்டார்: "கிராபிக்ஸுன்னா இந்தச் சினிமாவுல டைனோசர் வுடறாங்களே, அதாடா?" இல்லை மாமா, எழுத்து, நிறம், இடைவெளி என்று தம்பி ஆரம்பித்தார். "இடைவெளியப் படிக்கறதுக்கா ஒங்கப்பன் ரெண்டு லட்சம் கட்னான்?" என்று மாமா இலையை மூடிவிட்டார்.

இந்த மாதிரி நேரங்களுக்காகத் தம்பி ஒரு பெயரை எப்போதும் கைவசம் வைத்திருக்கிறார்: உதயகுமார். இந்திய ரூபாய்க்கு ஒரு குறி வேண்டும் என்று நடந்த போட்டியில் வென்றவர். 2010 ஜூலை 15-ஆம் தேதி மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. பரிசு இரண்டரை லட்சம். கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரர். அப்போது கள்ளக்குறிச்சியும் மரக்காணம் இருக்கிற இதே விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருந்தது. தனி மாவட்டம் ஆனது 2019-இல். ஆகவே 'நம்ம மாவட்டத்துக்காரர்' என்று தம்பி சொல்வதை மறுக்க முடியாது. மும்பை ஐ.ஐ.டி.யில் வடிவமைப்பு படித்தவர், தமிழ் எழுத்துருக்களை வைத்து முனைவர் பட்ட ஆய்வு செய்தவர் என்று தம்பி அடுக்கும்போது அப்பா முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வரும். 2025 மார்ச்சில் தமிழக பட்ஜெட் இலச்சினையில் அந்தக் குறியை எடுத்துவிட்டு 'ரூ' என்று போட்டார்களே, அன்றைக்கு அணைந்தது. உதயகுமார் தி.மு.க. முன்னாள் எம்.எல்.ஏ.வின் மகன் என்பதையும் சேர்த்து டீக்கடையில் ஒரு வாரம் அலசினார்கள். தம்பி அந்த வாரம் முழுக்க டீ குடிக்கப் போகவில்லை.

கற்பனை ஊற்றெடுக்க இவருக்குத் தேவையானவை மூன்று: நல்ல சிக்னல், பின்டெரஸ்ட், இன்னும் தொலைவில் இருக்கிற கடைசித் தேதி. சுவிட்சர்லாந்துக்காரர் ஜோசப் முல்லர்-ப்ரோக்மன் 1981-இல் வெளியிட்ட கட்டங்களைப் பற்றிய புத்தகம் இவருக்கு வேதம். மேலிருந்து டிரோனில் எடுத்த உப்பளப் படத்தைப் பார்த்ததும் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. மூவாயிரம் ஏக்கருக்கு மேல் சதுரம் சதுரமாகக் கிடக்கிறதே! "ஆயா, இது பக்கா சுவிஸ் கிரிட்!" என்று கத்தினார். ஆயா அந்தக் கிரிட்டுக்குள் முப்பது வருஷம் நடந்தவர். "அதுக்குள்ள ஏண்டா செருப்பு போட்டுக்கினு எறங்கற?" என்று மட்டும் கேட்டார்.

உப்பளத்து மேஸ்திரியிடமும் இதே விஷயம் போனது. அவர் பொறுமையாக விளக்கினார். சதுரம் அழகுக்கு வெட்டியதில்லை. உப்புத்தண்ணீர் பெரிய பாத்தியிலிருந்து சின்னப் பாத்திக்குத் தானாக இறங்க வேண்டும். அதற்குத் தரை ஒரு பக்கமாகச் சரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு பாத்தியிலும் வெயில் தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பை விட்டுவைக்கும். அடர்த்தி பார்க்கிற கண்ணாடி மிதவையைப் போட்டால் இருபத்தைந்து டிகிரியில் உப்பு பூக்கத் தொடங்கும். அதையும் தாண்டி விட்டுவைத்தால் கசப்பு ஏறிவிடும், தண்ணீரைத் திறந்துவிட்டாக வேண்டும். தம்பி எல்லாவற்றையும் பதிவு செய்தார். பிறகு ஆய்வேட்டில் எழுதினார்: 'மினிமலிசத்தின் பூர்வீக வடிவம்.'

நிறத்துக்கும் குறைவில்லை. உப்பு முற்றுகிற நேரத்தில் சில பாத்திகள் இளஞ்சிவப்பாக மாறும். உப்பில் வாழ்கிற நுண்ணுயிர்கள் செய்கிற வேலை. தம்பி அதைச் சொட்டுச் சொட்டாக எடுத்து ஐந்து கட்டத்தில் போட்டு, கீழே ஆறெழுத்துக் குறியீடு கொடுத்து வைத்திருக்கிறார். 2026-க்கான ஆண்டின் நிறம் என்று பான்டோன் நிறுவனம் அறிவித்தது ஒரு வெள்ளை. ஓடிவந்து சொன்னார்: "ஆயா, இந்த வருஷம் ஒலகத்துக்கே வெள்ளைதான் கலரு!" ஆயா கண்ணில் சொட்டுமருந்து விட்டுக்கொண்டிருந்தார். "அதப் பாத்துப் பாத்துத்தாண்டா ராசா எனக்குக் கண்ணு போச்சு."

கடைசி ஆண்டுத் திட்டத்தில் ஆராய்ச்சி என்பது தனிக் கட்டம். ஆராய்ச்சி இல்லாத லோகோவுக்கு மதிப்பெண் இல்லை. எனவே ஒரு கூகுள் படிவம். முதல் கேள்வி: 'உப்பு என்றதும் உங்கள் மனதில் எழும் உணர்வு எது? அ) தூய்மை ஆ) நம்பிக்கை இ) மகிழ்ச்சி ஈ) பிற.' உப்பளத்துப் பெண்கள் பன்னிரண்டு பேருக்குத் தம்பியே படித்துக் காட்டினார். பன்னிரண்டு பேரும் 'கால் எரிச்சல்' என்றார்கள். அது பட்டியலில் இல்லாததால் 'பிற'வில் சேர்ந்தது. வட்ட வரைபடத்தில் 'பிற' நூறு சதவீதம். இளஞ்சிவப்பில் போட்டிருந்தார், பார்க்க அழகாகத்தான் இருந்தது.

இனிப் பெயர். இந்தக் கரையில் டிசைன் படிக்கிற எல்லோருக்கும் கடைசி ஆண்டுத் திட்டம் ஒன்றுதான்: மரக்காணம் உப்புக்கு ஒரு பிராண்ட். முதலில் தோன்றுகிற பெயரும் ஒன்றுதான்: நெய்தல். தம்பி அதை எழுதி, கொம்பை அலைபோல் வளைத்து, வட்டத்துக்குள் அடைத்துப் பெருமூச்சு விட்ட பிறகு, தமிழ்நாடு உப்புக் கழகம் 2022-லேயே 'நெய்தல் உப்பு' என்று பாக்கெட் போட்டுவிட்டது தெரியவந்தது. அதே கழகம் 2014-இல் 'அம்மா உப்பு' போட்டது. அரசாங்கம் இப்படி உறவுமுறை, திணை இரண்டையும் எடுத்துக்கொண்டால் ஒரு மாணவன் எங்கே போவான்? சிறுபாணாற்றுப்படைக்குப் போனார். அதில் வருகிற ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்பது அறிஞர் பலர் கருத்து. 'எயில்' என்று வைத்தார். நண்பர்கள் அதை 'ரயில்' என்று படித்தார்கள். எழுத்து 'விண்டேஜாக' இருக்கட்டும் என்று 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய துதிக்கை வைத்த 'லை'யைத் துணைவாசகத்தில் போட்டார். அலை என்று அதைச் சரியாக வாசித்தவர் தாத்தா ஒருவர்தான். வாசித்துவிட்டு, "புதுசா ஒண்ணும் படிக்கலியா நீ?" என்று கேட்டார்.

கடைசியில் வெறும் 'உ' போதும் என்று முடிவானது. உப்புக்கு உ. பக்கத்தில் இருக்கிற கழுவேலி 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருக்கிறதல்லவா, அங்கே வருகிற பூநாரையின் கழுத்தைக் கொஞ்சம் வளைத்து, காலை நீட்டி, இரண்டு செமஸ்டர் உழைத்து ஒரு 'உ' வரைந்தார். நிஜமாகவே நல்ல கோடு. ஆயா கண்ணருகில் பிடித்துப் பார்த்தார். "புள்ளையார் சுழி நல்லாப் போட்டுக்கிற. எப்ப எழுத ஆரம்பிப்ப?"

அமெரிக்காவின் மார்ட்டன் உப்பு அட்டையில் 1914-லிருந்து ஒரு சிறுமி மழையில் குடைபிடித்துப் போகிறாள், கக்கத்தில் இடுக்கிய உப்பு வழியெல்லாம் சிந்துகிறது. ஈரக்காற்றிலும் கட்டிதட்டாமல் கொட்டும் என்பதற்காக வரைந்த படம். விளம்பர வரலாற்றில் புகழ்பெற்ற சித்திரம் என்று தம்பி காட்டியபோது உப்பளமே வாயடைத்துப்போனது. இங்கே மழை என்றால் வேலை போச்சு என்று அர்த்தம். அம்பாரமாகக் குவித்த உப்பைக் கீற்றும் தார்ப்பாயும் போட்டு மூட ஓட வேண்டும். ஐப்பசி பிறந்தால் பாத்திகளில் மழைத்தண்ணீர்தான் நிற்கும். "மழையில உப்பத் தூக்கிக்கினு போற புள்ளய அவங்கம்மா கண்டிக்க மாட்டாளா?" என்று சின்னம்மா கேட்டதற்குத் தம்பியிடம் பதில் இல்லை.

பாக்கெட்டுக்கு வருவோம். தம்பியின் மனதில் அது தூய வெள்ளை. நடுவில் ஒற்றை 'உ'. வேறு எதுவும் கிடையாது. வெள்ளை இடம் மூச்சுவிட வேண்டும் என்பது கொள்கை. பிறகு மேஸ்திரி கடையிலிருந்து ஒரு நிஜ உப்புப் பாக்கெட்டை வாங்கிவந்து மேசையில் வைத்தார். நிகர எடை, அதிகபட்ச விலை, தொகுதி எண், பொட்டலமிட்ட மாதம், தயாரித்தவர் முகவரி, புகார் எண், பதினான்கு இலக்க உணவு உரிம எண், பச்சைப் புள்ளி, பட்டைக் குறி. போதாக்குறைக்கு அயோடின் உப்புக்கு அடையாளமான சிரிக்கும் சூரியன். அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்க 2006 முதல் நாடு முழுக்கத் தடை இருக்கிறது. ஆகவே சூரியன் வந்துதான் தீரும். ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சேர்க்க 'உ' சுருங்கிக்கொண்டே போய்ப் பட்டைக் குறிக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டது. "என் கான்செப்டுக்கு நடுவுல ஒரு சூரியன் பல்லக் காட்டுது சார்" என்று பேராசிரியரிடம் அழாத குறையாகச் சொன்னார். மதிப்பீட்டுக் குழு படத்தைச் சாய்த்துப் பார்த்தது, தூர வைத்துப் பார்த்தது, கடைசியில் சொன்னது: "ஐடியா நல்லாருக்கு. கொஞ்சம் அடைசலா இருக்கு."

இத்தனைக்கும் பிறகு மேஸ்திரி ஒன்று கேட்டார். அந்த ஒரு கேள்வி ஆய்வேட்டின் எந்தப் பக்கத்திலும் இல்லை. "தம்பி, இங்க இருந்து உப்பு மூட்டையில லாரி ஏறுது. அரைக்கறவன் வேற, அயோடின் போடறவன் வேற, பாக்கெட் போடறவன் வேற. எவன் பாக்கெட்டுல போவுதோ அவன் பேரு. இந்தப் பைய யார்கிட்ட குடுப்ப?" மரக்காணம் உப்புக்குப் பெயர் இல்லாததற்குக் காரணம் லோகோ இல்லாதது அல்ல, அரைக்கும் எந்திரமும், அதற்குப் போடும் முதலும், கடைக்குக் கொண்டுபோகும் ஆளும் வேறு கைகளில் இருப்பதுதான். இதை எந்த எழுத்துருவாலும் சரிக்கட்ட முடியாது. தம்பி அன்று முதன்முறையாக நோட்டைத் திறந்து கோடு போட்டார். லாரி எங்கே போகிறது என்று அம்புக்குறி போட்ட ஒரு படம். என் கணக்கில் அவருடைய திட்டங்களிலேயே உருப்படியானது அதுதான். கல்லூரியில் அதற்கு மதிப்பெண் போட இடமில்லை.

வயிற்றுப்பாட்டுக்கு விடுமுறையில் கடைத்தெரு பிளெக்ஸ் கடைக்குப் போகிறார். அங்கே கோரல் டிராதான். இல்லஸ்ட்ரேட்டரில் வளர்ந்த பிள்ளைக்கு அது சாதிவிட்டுச் சாதி போன மாதிரி. போதாததற்கு யூனிகோட் தமிழை இல்லஸ்ட்ரேட்டரில் ஒட்டினால் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் போய் நிற்கும். எங்கோ உள்ளே ஒரு தேர்வை மாற்றினால்தான் ஒன்றுசேரும். கடைக்காரர் அதற்கெல்லாம் காத்திருப்பதில்லை. பழைய எழுத்துருவில் தட்டி, நாற்பது தலைகளை வெட்டி, காதணி விழா பேனரை அரைமணியில் முடித்துவிடுவார். யார் தலை பெரிசு, யார் தலை சிறிசு, யாருக்குக் கும்பிடு, யாருக்குக் கறுப்புக் கண்ணாடி என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கல்லூரியில் மூன்று ஆண்டு 'காட்சிப் படிநிலை' படித்த தம்பி, பங்காளி படத்தைத் தாய்மாமன் படத்தைவிட ஓர் அங்குலம் பெரிதாக வைத்துவிட்டார். மண்டபத்தில் நடந்த பஞ்சாயத்து இரவு பதினொரு மணிக்குத்தான் முடிந்தது. முல்லர்-ப்ரோக்மன் தாய்மாமன் பற்றி ஒன்றும் எழுதிவைக்கவில்லை.

ஆனாலும் அவரைப் பிடித்திருக்கிறது. ஊரில் எல்லோரும் உப்பைச் சாப்பிடுகிறோம். அதை நின்று பார்க்கிறவர் அவர் ஒருவர்தான், படுத்துக்கொண்டு பார்த்தாலும். "ஒரு சின்ன லோகோதான தம்பி, பத்து நிமிஷ வேலை" என்று சொல்லி டீயோடு முடித்துக்கொள்கிற பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கடைக்குப் பெயர்ப் பலகையோ மகளுக்குக் கல்யாணப் பத்திரிகையோ தேவைப்பட்டால் அவரிடமே கொடுங்கள். பாதி இடம் காலியாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். தாய்மாமன் படத்தை மட்டும் நீங்களே அளந்து பாருங்கள். முன்பணத்தை மறக்காமல் கொடுத்துவிடுங்கள்.