மலர் 1, இதழ் 1: மாணவர் கால்பந்து இதழின் பிறப்பும் நிற்பும் (உப்பளம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு)

புதுச்சேரி உப்பளம் இந்திரா காந்தி விளையாட்டரங்கைச் சுற்றி எத்தனை தெருவோ அத்தனை ஃபுட்பால் டீம். டீமுக்கு ஒரு ஜெர்சி, ஒரு வாட்ஸ்அப் குழு, ஒரு பழைய பகை. இவற்றைப் பற்றி மாணவர்கள் அவ்வப்போது கொண்டுவரும் இதழ்களைப் புரட்டினால், எல்லாவற்றின் நெற்றியிலும் ‘மலர் 1, இதழ் 1’ என்றே இருக்கும். இதழ் 2 என்பது இலக்கணத்தில் உண்டு, வழக்கில் இல்லை. அது ஏன் என்று காண்பதே இவ்வாய்வின் நோக்கம். காசு இல்லாததால் நின்றுபோகிறது என்பது உலக வழக்கு. அது பிழை என்பது இவ்வாய்வின் கருதுகோள்.

ஆய்வு எல்லை வடக்கே ரயில் நிலையம், கிழக்கே வம்பாகீரப்பாளையம், மேற்கே முதலியார்பேட்டை. தெற்கே எல்லை வகுக்கப்படவில்லை. அந்தப் பக்கம் போனபோது ஆய்வாளரின் வண்டி பங்க்சர். ‘முன்னாய்வுகள்’ என்ற இயல் தவிர்க்கப்பட்டுள்ளது. நெறியாளர் கேட்டால் அப்போது எழுதிக்கொள்ளலாம்.

இவ்வகை நூலின் ஆதி வடிவத்தை 1848இல் வைக்க வேண்டும். அந்த ஆண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் சிலர் ஓர் அறையில் கூடி, பள்ளிக்கு ஒரு விதமாக ஆடப்பட்டுவந்த கால்பந்துக்குப் பொதுவான விதிகளை எழுதினார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கிய கூட்டம் நள்ளிரவுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கலைந்ததாக, அதில் உட்கார்ந்திருந்த மால்டன் என்பவர் ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து எழுதிய கடிதத்தில் சொல்கிறார். அவரவர் தத்தம் பள்ளி விதியையே பிடித்துக்கொண்டு தொங்கியதால் வேலை மெதுவாகத்தான் நடந்ததாம். பிறகு அச்சடித்து மைதானத்தில் ஒட்டினார்கள். அந்த 1848 பிரதியில் ஒன்றுகூட இன்று இல்லை. நமக்குக் கிடைப்பது 1856 வாக்கில் வந்த பிந்தைய வடிவம்தான். அங்கே முதல் பதிப்பு அழிந்து அடுத்தது பிழைத்தது. உப்பளத்தில் இரண்டாவது பிறப்பதே இல்லை. மற்றபடி கூட்டத்தின் நீளம், கூச்சல், முடிவில் யாருக்கும் திருப்தியில்லாமை ஆகிய மூன்றிலும் கேம்பிரிட்ஜும் உப்பளமும் ஒன்றே.

இனி, இதழ் எங்கே கருக்கொள்கிறது? ஆடுகளத்தில் என்பாரும் உளர். அவர்கள் ஆடிப் பார்க்காதவர்கள். களத்தில் இருக்கும் பதினொருவருக்கு ஆட்டத்தைப் பார்க்க நேரமில்லை. இடது பின்வரிசையில் நிற்பவனுக்கு எதிரணிக் கோல் எப்படி விழுந்தது என்பதை மறுநாள்தான் யாராவது சொல்ல வேண்டும். தொண்ணூறு நிமிடமும் முழுசாகப் பார்ப்பவன் ஒருவனே: ‘சப்’ என்ற பெயரில் பெஞ்சில் உட்கார்ந்து, ஒவ்வொரு ஆட்டத்திலும் ‘வார்ம் அப்’ மட்டும் செய்துவிட்டு ஜெர்சி கசங்காமல் வீட்டுக்குப் போகிறவன். அவனுக்குச் சொல்ல விஷயமும் இருக்கிறது, மனத்தாங்கலும் இருக்கிறது. இதழாசிரியருக்கு வேறென்ன தகுதி வேண்டும்?

இது உப்பளத்துக்கு மட்டும் உரிய விதியன்று. பிரான்ஸ் அணிக்காக ஆடிய காப்ரியேல் ஆனோ, விமான விபத்து ஒன்றில் சிக்கி ஆட்டத்தை விட்டபின்தான் பத்திரிகைக்காரர் ஆனார். ஐரோப்பியக் கிளப்புகளுக்கான கோப்பை 1955இல் தொடங்கியதற்குக் காரணம் அவர் எழுதிய ‘லெக்கிப்’ நாளிதழ். 1956இல் பிறந்த தங்கப் பந்து விருதும் ‘பிரான்ஸ் ஃபுட்பால்’ என்ற வாரப் பத்திரிகை தொடங்கி வைத்ததே. கால் நின்ற இடத்தில் கை தொடங்குகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. உப்பளம் இதழும் ஒரு ‘சிறந்த வீரர் விருது’ அறிவிக்கும். அதற்குக் கோப்பை வாங்கித் தரும் ஸ்போர்ட்ஸ் கடைக்காரரின் மைத்துனர் மகன் அதே டீமில் ஆடினால் தேர்வுக் குழுவின் வேலை சுலபம்.

திட்டம் முதலில் உடற்கல்வி ஆசிரியரிடம் போகும்.

“சார், நம்ம டீமுக்கு ஒரு புக் போடலாம்னு இருக்கோம் சார்.”

“புக்கா? மொதல்ல கோல் போஸ்ட் நெட்டைத் தைங்கடா.”

இதை அனுமதி என்று பொருள்கொள்ள வேண்டும் என்பது உரைமரபு.

அடுத்து உள்ளடக்கம். நன்னூலார் நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்றார். மாணவர் கால்பந்து இதழ் அவற்றைக் குற்றப் பட்டியலாக அல்ல, பொருளடக்கமாக எடுத்துக்கொண்டது. ‘கூறியது கூறல்’ என்பது வாழ்த்துச் செய்திப் பகுதி. முதல்வர், துணை முதல்வர், துறைத்தலைவர், தொகுதிப் பிரமுகர் எல்லோரும் ஒரே வாழ்த்தையே எழுதுவார்கள். காரணம், நான்கையும் எழுதிக் கொடுப்பவன் ஆசிரியனே. அவர்கள் செய்வது கையெழுத்து. புகைப்படத்தின் அளவில் மட்டும் படிநிலை உண்டு, அரை சென்டிமீட்டர் பிசகினால் மறுபடியும் லேஅவுட். ‘சென்று தேய்ந்து இறுதல்’ என்பது ‘கால்பந்தின் வரலாறு’ என்ற கட்டுரை. சீனத்தில் கம்பீரமாகத் தொடங்கி, இங்கிலாந்தில் மூச்சு வாங்கி, இந்தியாவுக்கு வருவதற்குள் பக்கம் முடிந்து ‘தொடரும்’ என்று நிற்கும். எதில் தொடரும் என்று கேட்பது ஆய்வு நெறிக்குப் புறம்பு.

‘மற்றொன்று விரித்தல்’ பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 1949 பிப்ரவரி 21இல் இதே ஊரில் அரவிந்தர் ஆசிரமம் உடற்கல்விக்கென்றே ஒரு காலாண்டிதழைத் தொடங்கியது. ஆங்கிலமும் பிரெஞ்சுமாக வந்தது. முதல் இதழுக்கு ஸ்ரீ அரவிந்தரே செய்தி அளித்தார். செய்தி அதோடு நிற்கவில்லை. அடுத்தடுத்த இதழ்களில் உடலின் நிறைவு, தெய்விக உடல், அதிமானசம் என்று வளர்ந்து எட்டுக் கட்டுரைகளாகிப் பின்னர் நூலாகவும் வந்தது. விளையாட்டு இதழின் வாழ்த்துப் பக்கம் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இதற்கு மேல் உச்சம் கிடையாது. விரித்தல் குற்றமா குணமா என்பது விரிக்கிறவர் யார் என்பதைப் பொறுத்தது; நன்னூலார் இதைச் சொல்ல மறந்தார். அந்த இதழ் பெயர் மாறியும் நிற்காமல் வந்தது என்பதால் அதை விதிவிலக்கில் சேர்த்துவிட்டு மேலே செல்கிறோம். ஆய்வேடுகளில் விதிவிலக்கு என்ற இயல் இதற்காகத்தான் இருக்கிறது.

எல்லா இதழிலும் தவறாமல் இருக்கும் கட்டுரை ஒன்று உண்டு. அதை ‘வெறுங்கால் கட்டுரை’ என்று இவ்வாய்வு அழைக்கும். 1950 உலகக் கோப்பைக்கு இந்தியா தகுதி பெற்றும், வெறுங்காலோடு ஆடக்கூடாது என்று சொல்லிவிட்டதால் போகவில்லை என்பது அதன் சாரம். நடந்ததோ வேறு. ஆசியத் தகுதிச் சுற்றில் இருந்த மற்ற அணிகள் விலகியதால் இந்தியா ஆடாமலே தகுதி பெற்றது. இந்தியக் கால்பந்துச் சம்மேளனம்தான் அணியை அனுப்பவில்லை. அன்றைக்கு ஒலிம்பிக்தான் பெரிது, வெறுங்கால் கதை பிற்பாடு சொல்லிக்கொண்ட சாக்கு என்று அன்றைய இந்திய வீரர் சைலேன் மன்னாவே பேசியிருக்கிறார். அதனால் என்ன, கட்டுரை வரத்தான் செய்யும். பெஞ்சில் இருப்பவனுக்கு ‘தகுதி இருந்தும் ஆட விடவில்லை’ என்ற கதையில் ஒரு சொந்தம் இருக்கிறது.

உண்மையில் இந்த மண்ணில் நின்று எழுத வேண்டிய கட்டுரை வேறு. 1948 ஜூலை 31. லண்டன் ஒலிம்பிக். இல்ஃபோர்டு மைதானத்தில் ஒரு பக்கம் இந்தியா, மறு பக்கம் பிரான்ஸ். இந்தியாவுக்குச் சுதந்திரம் வந்து ஒரு வருடம் நிறையவில்லை. ஆடியவர்களில் பெரும்பாலோர் காலில் பூட்ஸ் இல்லை. இரண்டு பெனால்ட்டி கிடைத்து இரண்டும் வீண். சாரங்கபாணி ராமன் அடித்த ஒரு கோல் மட்டும் மிஞ்சியது. பிரான்ஸ் 2–1. அன்று புதுச்சேரியில் பறந்தது பிரெஞ்சுக் கொடி. உப்பளத்தில் அந்த வாரம் ஒரு மாணவர் இதழ் வந்திருந்தால் தலைப்பு ‘வென்றோம்’ என்றா, ‘தோற்றோம்’ என்றா? அச்சுக்கோப்பவர் எந்த வினைமுற்றைக் கோப்பார்?

பன்னிரண்டு வருடம் கழித்து, 1960 ரோம் ஒலிம்பிக்கில் மறுபடியும் அதே இரண்டு அணிகள். பி.கே. பானர்ஜி கோல் போட்டு இந்தியாவை முன்னால் கொண்டுபோனார்; பிற்பாடு பிரான்ஸ் சமன் செய்தது. 1–1. அன்றைய நிலையில் புதுச்சேரியின் நிர்வாகம் 1954 நவம்பர் 1 முதல் இந்தியாவின் கையில். சட்டப்படி ஊர் கைமாறியதோ 1962 ஆகஸ்ட் 16இல். இரண்டுக்கும் நடுவில் நடந்த ஆட்டத்துக்கு அதைவிட நாசூக்கான ஸ்கோரை எந்த வெளியுறவு அமைச்சகமும் எழுதிக் கொடுத்திருக்க முடியாது. அதே ஒலிம்பிக்கில் பெரு அணியிடம் 1–3 என்று தோற்றபோது நமக்காகக் கோல் அடித்தவர் சைமன் சுந்தரராஜ், நம் தமிழ்நாட்டுக்காரர். அதற்குப் பிறகு இன்றுவரை இந்தியா ஒலிம்பிக் கால்பந்தில் ஆடவில்லை. தெருக்கோடியில் பிரெஞ்சுப் பட்டாளப் பென்ஷன் வாங்கும் சொல்தா தாத்தா ஒருவரைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டிருந்தால் நான்கு பக்கம் தேறும். இந்த இடத்தில் நம் இதழில் இருப்பது மெஸ்ஸியா ரொனால்டோவா என்ற அட்டவணை.

அட்டைப்பட வாதமும் அங்கேதான் தொடங்குகிறது. பாரிசில் சித்தப்பா இருக்கிறவன் எம்பாப்பே வேண்டும் என்பான். பாதி கமிட்டி மெஸ்ஸி, மீதி ரொனால்டோ. சண்டை முற்றி, கடைசியில் ஒரு பந்துப் படம் போடுவதென்று சமரசம். அந்தப் பந்து எப்போதும் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பந்துதான். 1970 உலகக் கோப்பையில் வந்த டெல்ஸ்டார் அது. கறுப்பு வெள்ளை டிவியில் தெரிய வேண்டும் என்று பன்னிரண்டு கறுப்பு ஐங்கோணமும் இருபது வெள்ளை அறுகோணமும் வைத்துத் தைத்தார்கள். அப்படி ஒரு பந்தை நம் ஆசிரியர் குழுவில் யாரும் காலால் தொட்டிருக்க மாட்டார்கள். இருந்தாலும் கால்பந்து என்றால் அட்டையில் அதுதான். டவுன்லோடு செய்த படத்தில் அறுகோணம் மட்டுமே இருந்தால் அது உருண்டையாக வராது என்று கணிதத்துறைப் பையன் ஒருவன் கூட்டத்தில் சொல்வான். அவனைப் ‘ப்ரூஃப் பார்க்க’ப் போட்டுவிடுவார்கள்.

ப்ரூஃப் என்பது டிடிபி சென்டரில் நடக்கும் இரண்டாவது ஆட்டம். பையன்கள் போனில் யூனிகோடில் அடித்துக் கொண்டுவருவார்கள். கடையில் பேஜ்மேக்கர், அதற்கென்று பழைய எழுத்துரு. மாற்றியில் போட்டு எடுத்தால் கொம்புகள் ஆஃப்சைடில் போய் நிற்கும்.

“அண்ணே, ‘கோல்’ல கொம்பு காணோம்ணே. எல்லா எடத்துலயும் ‘கால்’னு வந்துருக்கு.”

“ஒண்ணொண்ணா மாத்திக்கிட்டு உக்காந்திருந்தா விடிஞ்சிரும் தம்பி. ஃபைண்ட் ரீப்ளேஸ் போட்டு வுட்டா முடிஞ்சிது.”

அண்ணன் ‘கால்’ என்பதைத் தேடி ‘கோல்’ என்று மாற்றச் சொல்லி ஒரே ஒரு சாவி தட்டுகிறார். கோல் எல்லாம் கோல் ஆகிறது. கூடவே கால்பந்து முழுவதும் கோல்பந்து ஆகிறது. வீரர் வலது கோல் சுளுக்கி வெளியேறுகிறார். வெறுங்கால் கட்டுரை, ஒரு புள்ளிகூடப் பிசகாமல், வெறுங்கோல் கட்டுரை ஆகிறது. இதைக் கண்டுபிடிப்பவன் கணிதத்துறைப் பையன். அப்போது முதல் ஃபாரம் ஓடி முடிந்திருக்கும்.

பக்கக் கணக்கு வேறு. நடுவில் பின் அடிக்கும் புத்தகத்தில் பக்கம் நான்கு நான்காகத்தான் கூடும். முப்பத்திரண்டு பக்கத்தில் கச்சிதமாக முடிந்த நாளன்று ஒரு பிரமுகரின் வாழ்த்து வந்து சேரும். அது ஒரு பக்கம். ஆனால் மேற்கொண்டு மூன்று பக்கத்துக்கு மேட்டர் தேட வேண்டும். இதழில் வரும் கவிதைகள் அனைத்தும் இந்த மூன்று பக்கத்தில் பிறந்தவை என்பது இவ்வாய்வின் துணை முடிவு.

விளம்பரத்துக்கு வருவோம். புதுச்சேரியில் கேட்டவுடன் பின்னட்டைக்குப் பணம் எடுத்துக் கொடுக்கும் வசதியுள்ள கடை எதுவென்று வெளியூர்க்காரருக்கும் தெரியும். மாணவர் இதழில் போட முடியாத ஒரே விளம்பரமும் அதுதான். மிஞ்சுவது ஜெராக்ஸ் கடை, டியூஷன் சென்டர், பைக் மெக்கானிக், பிரியாணிக் கடை. பிரியாணிக் கடைக்காரர் அரைப் பக்கத்துக்குப் பணமாகத் தரமாட்டார், பொட்டலமாகத் தருவார். வெளியீட்டு விழாவுக்குக் கூட்டம் வருவது இதனால்தான். எனவே பணமில்லாமல் இதழ் நிற்கிறது என்ற வாதம் இங்கேயே அடிபடுகிறது. கணக்கு முடித்துப் பார்த்தால் ஒரு பந்து வாங்கும் அளவுக்குக் கையில் நிற்கும்.

அரசாங்கம் தடுக்கிறதா என்றால் அதுவும் இல்லை. பாரதியின் ‘இந்தியா’ 1908 முதல் இவ்வூரிலிருந்து வந்து 1910இல் நின்றது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் நுழைய அதற்குத் தடை விழுந்தது. நம் இதழை ஒருவரும் தடுக்கவில்லை. பின்னட்டையில் ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்று போட்டிருக்கும். சிறுபத்திரிகைகள் பதிவுச் சட்டத்துக்குப் பயந்து போட்ட வரி அது. அச்சிட்டதில் பாதி உடற்கல்வி அறையில் கட்டுப் பிரிக்காமல் இருப்பதால், அந்த வரியை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடிக்கும் இதழ் தமிழில் இது ஒன்றே.

அப்படியானால் இதழ் 2 ஏன் இல்லை? காரணம் முதல் இதழிலேயே இருக்கிறது. முதல் பக்கத்தில் ஆசிரியர் படம், பெயர், எழுதிய ஆட்ட விமர்சனம். அதை உடற்கல்வி ஆசிரியர் ஒருநாள் மழையில் பிராக்டீஸ் நின்றபோது புரட்டுகிறார். இடது பக்கம் தொடர்ந்து ஓட்டை விழுகிறது, எதிரணி எல்லா ஆட்டத்திலும் அந்த வழியாகவே வந்தது என்று பையன் படம் போட்டு எழுதியிருக்கிறான். உடற்கல்வி ஆசிரியர் அடுத்த ஆட்டத்தில் அவனையே இடது பக்கம் இறக்கிவிடுகிறார்.

இரண்டாம் இதழுக்கான ஆசிரியர் குழுக் கூட்டம் அறிவித்தபடி மாலை ஐந்து மணிக்குக் கூடியது. இதழாசிரியர் வரவில்லை. போன் போட்டார்கள்.

“மச்சான், இதழ் மேட்டர் என்னாச்சுடா?”

“டேய், நான் ஃபர்ஸ்ட் லெவன்டா இப்ப. கிரவுண்டுல இருக்கேன். அப்புறம் பேசறேன், வை.”