பதினோரு ரூபாய் உதைக்குது

இரவு ஒன்பதரை மணி ஆனால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் திடீரென்று வேலை வந்துவிடும். சித்தப்பா சைக்கிளில் காற்று இருக்கிறதா என்று பார்க்கக் கொல்லைப்பக்கம் போவார். அக்கா, பரீட்சை முடிந்து பத்து நாள் ஆகியிருந்தாலும் புத்தகத்தை விரிப்பாள். பாட்டிக்கு அந்த நேரம் பார்த்துக் காது மந்தமாகும். கூடத்து ஊஞ்சலில் பெரியப்பா உட்கார்ந்து, நகைக்கடையில் சும்மா கொடுத்த டைரியைப் பிரித்துவிட்டார் என்று அர்த்தம். பிள்ளையார் சுழியில் தொடங்கும் பேனா முனை ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கி, அடிவரியில் வந்து நிற்கும். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை வரும்.

"பதினோரு ரூபா உதைக்குதே!"

பதினான்கு பேர் சாப்பிடும் வீட்டில் பதினோரு ரூபாய் எங்கே போயிற்று என்று விசாரிப்பது, மகாமகக் குளத்தில் கொட்டிய சொம்புத் தண்ணீரைத் திருப்பிக் கேட்பது போல. பெரியப்பா கேட்பார். கிடைக்காவிட்டால் தூங்க மாட்டார். எங்களையும் தூங்க விடமாட்டார்.

இவரைக் கணக்கு எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கூட்டுக் குடும்பத்தில் சாப்பாட்டுத் தட்டு பத்தைத் தாண்டியதும் ஒருவர் தானாகவே முளைத்துவிடுகிறார். கும்பகோணத்தில் எங்கள் தெருவிலேயே இப்படி மூன்று பேர் உண்டு. சட்டைப் பை, பணத்தால் இல்லை, மடித்து வைத்த பில்களால் புடைத்திருக்கும். எந்தப் பொருளைப் பார்த்தாலும் 'நல்லா இருக்கு' என்று சொல்லமாட்டார்கள், 'என்ன விலை?' என்பார்கள். விலையைச் சொன்னால், ஏமாந்துவிட்டாய் என்று முகத்தால் சொல்வார்கள். மூன்று பேரும் கோயில் வாசலில் சந்தித்துக்கொண்டால் சாமியைப் பற்றிய பேச்சு தேங்காய் விலையோடு முடிந்துபோகும்.

பெரியப்பாவின் முதல் களம் பால். காபிக்குப் பேர் போன ஊர் எங்களுடையது. தினம் ஆறு பாக்கெட், ஒவ்வொன்றும் அரை லிட்டர். பச்சை பாக்கெட்டுக்கும் நீல பாக்கெட்டுக்கும் அப்போது 2 ரூபாய் வித்தியாசம். ஆறு பாக்கெட்டுக்கு 12, மாதத்துக்கு 360 என்று ஒருநாள் கண்டுபிடித்தார். அந்தக் கணத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மறுநாளே வீடு நீலத்துக்கு மாறியது. காபி, காபி என்ற பெயரில் வந்த வேறு ஏதோ ஒன்றாகியது. தண்ணியாக இருக்கிறதே என்று பெரியம்மா டிகாக்‌ஷனை இன்னும் கெட்டியாக இறக்கினாள். காபிப்பொடி மாதம் அரைக் கிலோ கூடிற்று. தயிர் கத்தி வைத்து வெட்டுகிற பதத்தில் உறையவில்லை. சித்தி கடைத்தயிர் வாங்க ஆரம்பித்தாள். இதெல்லாம் டைரியில் ஏறாமல் போகவில்லை. காபிப்பொடி 'மளிகை'யில் ஏறியது, தயிர் 'இதர'வில் ஏறியது. 'பால்' தலைப்பின்கீழ் மட்டும் மாதம் 360 ரூபாய் மிச்சம் என்று சிவப்பு மையில் பளிச்சென்று நின்றது. அதைத்தான் அவர் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். பெரிய பெரிய பட்ஜெட்டுகளும் இப்படித்தான் போடப்படுகின்றன என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

காய்கறி வாங்கத் தாராசுரம் மார்க்கெட்டுக்கு சைக்கிளிலேயே போவார். கத்தரிக்காய் கிலோவுக்கு மூன்று ரூபாய் குறைவு. வழியில் டீ ஒன்று குடிப்பார். அதை 'வைத்தியம்' தலைப்பில் எழுதுவார், வெறும் வயிற்றில் சைக்கிள் மிதிக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம்.

அடுத்தது மின்சாரம். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணக் கணக்கே வேறாகிவிடும் என்பது தமிழ்நாட்டில் எல்லா வீட்டுக்கும் தெரியும். எங்கள் வீட்டில் அது கத்தி முனை. தினமும் விடியற்காலையில் டார்ச் அடித்து மீட்டரைப் பார்ப்பார். கோயில் கர்ப்பக்கிரகத்தில்கூட அவர் அவ்வளவு உற்றுப் பார்த்து நான் கண்டதில்லை. 450-ஐத் தொட்டதும் ஊரடங்கு. கிரைண்டர் ஓடாது, இட்லி கிடையாது, உப்புமாதான். மூன்று குடும்பமும் கூடத்து மின்விசிறி ஒன்றின் கீழே வரிசையாகப் படுக்கும். யார் கால் யார் மேல் என்று தெரியாது. சித்தப்பாவின் குறட்டைக்குக் கீழே நாங்கள் விழித்திருப்போம். கணக்கெடுக்க வருகிறவர் இரண்டு நாள் தாமதித்துவிட்டால் பெரியப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். ஒருமுறை 497-இல் அவர் வந்து நின்றார். பெரியப்பா அவருக்கு மோர் கொடுத்து, வெற்றிலை பாக்கு வைத்து, சம்பந்தி போல அனுப்பினார். அவர் தெருமுனை திரும்பினாரோ இல்லையோ, பாட்டி எழுந்து போய் எல்லா சுவிட்சையும் தட்டிவிட்டாள்.

சிலிண்டர் மாற்றிய தேதி காலண்டரில் 'சி' என்று வட்டமிட்டு இருக்கும். 14.2 கிலோ எரிவாயு எங்களுக்குப் பத்தொன்பது நாள் வரவேண்டும். ஒரு தடவை பதினாறு நாளில் தீர்ந்தது. விசாரணைக் கமிஷன் அமைக்கப்பட்டது. வெந்நீரில் குளிப்பது யார், அப்பளத்தைச் சுடாமல் பொரிப்பது யார் என்று ஒவ்வொருவராகச் சாட்சி சொன்னோம். கடைசியில் அம்மா மெல்லிய குரலில், "சாயங்காலம் நாலு மணிக்குப் பெரியவருக்கு ஒரு சுக்குக் காபி, ஆறரைக்கு இன்னொண்ணு" என்றாள். கமிஷன் அறிக்கை வெளியிடப்படவில்லை.

2016 எங்கள் ஊருக்கு மகாமக வருஷம். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருதரம் வருகிற நீராடல். பன்னிரண்டு வருஷமாக எட்டிப் பார்க்காத சொந்தமெல்லாம் அந்த பிப்ரவரியில் எட்டிப் பார்த்தது. ஒரே நாளில் முப்பத்தோரு பேர். பெரியப்பா அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தானே படியால் அளந்தார். முதல் படிக்கு 'ஒன்று' என்று சொல்லாமல், பழைய வழக்கப்படி 'லாபம்' என்பார். அன்றைக்கு அந்தச் சொல்லைச் சொல்லும்போது குரல் தழுதழுத்தது. ஊருக்குக் கிளம்பிய விருந்தாளிகள் குழந்தைகள் கையில் ஐம்பதும் நூறும் திணித்ததை வரவில் சேர்க்கலாம் என்று பார்த்தார். நாங்கள் அதற்குள் கடலை மிட்டாய்க் கடைக்குப் போய்விட்டோம். டைரியின் கடைசிப் பக்கத்தில் '2028 மகாமகம்' என்று தலைப்பிட்டு அப்போதே கொஞ்சம் ஒதுக்கி எழுதிவைத்தார். கொழும்பு மாமா வீட்டாருக்கு எதிரே மட்டும் ஒரு கேள்விக்குறி. ஒன்பது நாள் தங்கினவர்கள்.

அதே வருஷம் நவம்பர் 8, ராத்திரி. பழைய 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று டி.வி.யில் சொன்னார்கள். பெரியப்பா அசையவில்லை. வீட்டில் இருக்கிற ஒவ்வொரு நோட்டும் அவர் டைரியில் இருக்கிறது. மொத்தம் மூன்றே ஐந்நூறு. "கணக்கு வச்சிருக்கிறவனுக்குப் பயம் எதுக்கு?" என்று சித்தப்பாவைப் பார்த்துச் சிரித்தார்.

சமையலறையில் ஏதோ டப்பா விழுகிற சத்தம் கேட்டது.

பெரியம்மா வெளியே வந்தாள். கையில் தனியா டப்பா. அதைக் கூடத்தில் கவிழ்த்தாள். தனியாவுக்கு நடுவே நாலாக மடித்த நோட்டுகள், ஒவ்வொன்றும் கமகமவென்று. நாற்பத்தேழு ஐந்நூறு. கறிகாய்க்காரியிடம் பேரம் பேசி மிச்சம் பிடித்ததும், முறுக்கு சுற்றிக் கொடுத்து வாங்கினதும், சில்லறை சேரச் சேரத் தெருக்கோடிக் கடையில் நோட்டாக மாற்றினதுமான அவளுடைய சிறுவாடு. அக்காவின் காலேஜ் பீஸ் ஒரு தவணை இதிலிருந்துதான் போயிற்று என்பதும், சித்தப்பாவின் சைக்கிள் மோட்டார் சைக்கிளாக மாறப்போகிறது என்பதும் அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தன.

"எத்தனை நாளா?" என்று கேட்டார் பெரியப்பா.

"நீங்க உதைக்குதுன்னு சொல்ல ஆரம்பிச்ச நாளிலேருந்துதான்."

கோபம் வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை. டைரியை எடுத்தார். 23,500-ஐப் பதினொன்றால் வகுத்தார். 2,136 நாள், கிட்டத்தட்ட ஐந்து வருஷம் பத்து மாதம். முகம் தெளிந்தது. இத்தனை காலம் தொலைந்த பணம் இருந்த இடம் தெரிந்துவிட்டதே! மறு நிமிஷமே புருவம் சுருங்கிற்று.

"மீதி நாலு ரூபா உதைக்குதே?"

மறுநாளுக்கு மறுநாள் பேங்க் வரிசையில் நின்று பெரியம்மா பேரிலேயே கட்டிவிட்டு வந்தார். ஆனால் அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்பதில் மூன்று ராத்திரி தூக்கம் போயிற்று. வரவு என்று எழுத முடியாது, பெரும்பாலும் அவர் கொடுத்த பணம். செலவு என்றும் எழுத முடியாது, ஏற்கெனவே ஒருதரம் செலவு எழுதியாகிவிட்டது. நாலாம் நாள் ஒரே வரி எழுதி மூடினார்: 'தனியா – 23,500.'

அதற்குப் பிறகும் டைரி நிற்கவில்லை. ஜனவரியில் புது டைரி வந்தது, அதே நகைக்கடை. இரவு ஒன்பதரை மணிக்குப் பேனா முனை இறங்கி அடிவரியில் நின்றது. சித்தப்பா கொல்லைப்பக்கம் நகர்ந்தார்.

"ஒம்பது ரூபா..." என்று ஆரம்பித்தார் பெரியப்பா. சமையலறையில் டப்பா மூடி 'டிக்' என்று சாத்துகிற சத்தம். அந்தப் பக்கம் ஒருதரம் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து எழுதினார்: 'தனியா – 9.'

அந்த வருஷக் கணக்கை யாராவது ஆடிட்டர் புரட்டியிருந்தால், இந்தக் குடும்பம் சோற்றை விட்டுவிட்டுத் தனியாவைத்தான் தின்கிறது என்று முடிவு கட்டியிருப்பார்.