ஏழையின் ஆட்டுக்குட்டி

கேள்வி: கதை எழுத உட்காரும் முன்பே மையக்கருத்தை முடிவு செய்துகொள்ள வேண்டுமா?

பதில்: கருத்து முடிவாகிவிட்டதென்றால் கட்டுரை எழுதுங்கள், சீக்கிரம் முடியும். கதைக்கு முதலில் ஒரு ஆள் வேண்டும், அவனுக்கு ஓர் ஆசை வேண்டும். டால்ஸ்டாய் 1886-இல் எழுதிய ‘ஒரு மனிதனுக்கு எவ்வளவு நிலம் தேவை?’ கதையில், விடிந்தது முதல் பொழுது சாய்வதற்குள் எவ்வளவு மண்ணைச் சுற்றி வருகிறானோ அவ்வளவும் பஹோம் என்ற குடியானவனுக்கு. புறப்பட்ட இடத்துக்குத் திரும்பாவிட்டால் கட்டிய ஆயிரம் ரூபிளும் போச்சு. திரும்ப வேண்டிய நேரத்தில் ஈரமான ஒரு பள்ளம் கண்ணில் படுகிறது. ஆளிச்செடி நன்றாக வருமே, விட மனமில்லை. படிக்கிற நமக்கும் மனமில்லை! பேராசையைப் பற்றிய கருத்து அந்தப் பள்ளத்தில்தான் இருக்கிறது.

கேள்வி: நேரடியாகச் சொன்னால் புரியாததா கதையில் புரிந்துவிடும்?

பதில்: புரியும், ஆனால் ஏற்கமாட்டார்கள். பைபிளில் தாவீது அரசன் தன் படைவீரன் உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, உரியாவைப் போர்முனையில் சாகவிட்டான். குற்றத்தை முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் அரசனிடம் ஆயிரம் சமாதானம் இருந்திருக்கும். நாத்தான் தீர்க்கதரிசி ஒரு வழக்கைச் சொல்வதுபோலத் தொடங்கினார். பணக்காரனுக்கு மந்தை மந்தையாக ஆடுமாடு. ஏழைக்கு ஒரே ஒரு ஆட்டுக்குட்டி. அவன் கிண்ணத்தில் குடித்து, மடியில் படுத்து, மகளைப்போல வளர்ந்தது. விருந்தாளி வந்ததும் பணக்காரன் அதைப் பிடித்துச் சமைத்துவிட்டான். தாவீது கொதித்தெழுந்து, அவன் சாக வேண்டும், நாலு மடங்கு ஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பே சொல்லிவிட்டான். அதற்குப் பிறகுதான் நாத்தான், அந்த மனிதன் நீயே என்றார். கிண்ணமும் மடியும் இல்லாமல் கதையைச் சொல்லிப் பாருங்கள். கருத்து அப்படியே இருக்கும், அரசனுக்குக் கோபம் வராது. உவமைக் கதை எழுதுகிறவர்கள் பலர் விட்டுவிடுவது அந்தக் கிண்ணத்தைத்தான்.

கேள்வி: பஞ்சதந்திரத்தில் பக்கத்துக்குப் பக்கம் நீதி இருக்கிறதே?

பதில்: இருக்கிறது, யார் வாயில் இருக்கிறது என்று பாருங்கள்! சிங்கத்துக்கும் காளைக்கும் இருந்த நட்பைக் கெடுக்கும் தமனகன் என்ற நரி எத்தனை நீதி பேசுகிறது! அங்கே நீதியும் ஒரு பாத்திரத்தின் ஆயுதம். அதனால்தான் அலுக்கவில்லை.

கேள்வி: இயேசு சொன்ன கெட்ட குமாரன் கதையில், திரும்பி வந்த ஊதாரித் தம்பிக்கு அப்பா விருந்து வைத்ததால் கோபித்து வெளியே நின்ற மூத்த மகன் கடைசியில் வீட்டுக்குள் போனானா?

பதில்: லூக்கா தன் நற்செய்தியில் அதைச் சொல்லவில்லை. பாவிகளோடு இயேசு சாப்பிடுகிறாரே என்று முறுமுறுத்தவர்களுக்குச் சொன்ன கதை அது. உள்ளே போவதா வேண்டாமா என்பதை அவர்கள்தானே முடிவு செய்ய வேண்டும்?

கேள்வி: என் கதையின் கடைசி வரியில் நீதி இருக்கிறது. எடுத்துவிடட்டுமா?

பதில்: எடுத்துவிட்டு, நண்பர் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். என்ன புரிந்தது என்று கேட்காதீர்கள். யார்மேல் கோபம் வந்தது என்று கேளுங்கள்.